பழைய .32 ரிவால்வரில் அதிவேகத் தோட்டாக்களைச் சுடலாமா?

கேள்வி: தேவகோட்டை வளவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (என் தந்தையின்) தகப்பனார், இரங்கூனில் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் வாங்கிய .32 போர் (bore, அதாவது குழலின் குறுக்களவு) ரிவால்வர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பர்மிங்காமில் செய்யப்பட்டது. மேற்பட்டையின் பின்முனையில் உள்ள தாழை அழுத்தினால் குழல் முன்புறமாக மடிந்து, வெற்றுக்கூடுகள் எல்லாம் ஒருசேர எழும்பி வரும் வகை. அப்பச்சிக்கு எழுபது வயது நிறைந்த பிறகு, வாரிசு முறையில் உரிமம் என் பெயருக்கு மாற்றப்பட்டது. ஆண்டுக்கு ஓரிரு முறை, பயிற்சிக் களத்தில் ஆறு அல்லது பன்னிரண்டு தோட்டாக்கள் சுடுவதோடு சரி. மற்ற நாள்களில் இரண்டாம் கட்டில் உள்ள இரும்புப் பெட்டகத்தில் இருக்கும்.

சென்ற மாதம் அப்பச்சியின் வயது நிறைவுச் சாந்தி விழாவுக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இங்கே கிடைக்கும் சாதாரணத் தோட்டா மிகவும் மந்தமானது என்றும், இதே குறுக்களவில் அங்கே வேகம் கூடிய தோட்டாக்கள் விற்கப்படுகின்றன என்றும், அவற்றைப் போட்டால்தான் இதற்கு ஒரு மதிப்பு உண்டு என்றும் சொன்னார். குறுக்களவு ஒன்றுதான் என்றால் பயன்படுத்துவதில் தவறு என்ன என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அண்மையில் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றபோது, தாழ் பூட்டிய நிலையிலும் குழல் மிகச் சிறிதாக ஆடுவதைக் கவனித்தேன். அந்த ஆட்டம் முன்பே இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகள் .22 பிஸ்டலில் பயிற்சி பெறத் தொடங்கியிருக்கிறாள். அதற்கும் ‘ஹை வெலாசிட்டி’ என்று அச்சிட்ட பெட்டிகள் வருகின்றன. அவற்றை அவள் பயன்படுத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: திருப்பத்தூர் ஆர்மரர்

தம்பிக்கு வணக்கம். படைக்கலப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் கைத்துப்பாக்கிகளைப் பிரித்துக் கோத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிவால்வரில் அதிவேகத் தோட்டா எதையும் போடக் கூடாது. குழல் ஆடுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே அதை ஓர் உரிமம் பெற்ற ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) பார்க்கும் வரை சாதாரணத் தோட்டாவையும் சுட வேண்டாம்.

‘வேகம்’ என்ற சொல்தான் பலரையும் ஏமாற்றுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது குண்டின் வேகம். துப்பாக்கி தாங்க வேண்டியது அந்த வேகத்தை உண்டாக்கும் அழுத்தம். வெடிமருந்து எரியும் அந்த நொடித்துளியில் தோட்டா அறையின் சுவர் எல்லாப் பக்கமும் விரியப் பார்க்கிறது, கூட்டின் அடிப்பாகம் பின்புறம் தள்ளப்படுகிறது, குண்டு முன்னே போகிறது. உங்களுடையது போன்ற மடிப்பு ரிவால்வரில் பின்னே தள்ளும் விசையும் முன்னே இழுக்கும் விசையும் சந்திப்பது இரண்டே இடங்களில்தான்: கீழே கீலின் ஆணி, மேலே தாழ். ஒரே துண்டாகச் சட்டம் (ஃபிரேம்) மூடியிருக்கும் பிற்கால ரிவால்வர்களில் அந்தச் சுமையை முழுச் சட்டமும் பகிர்ந்துகொள்ளும். இதில் அப்படிப் பகிர்வதற்கு எதுவும் இல்லை.

நான் பணியில் இருந்தபோது, இதே அமைப்புள்ள ஒரு ரிவால்வரை ஒருவர் கொண்டுவந்தார். குறி தவறுகிறது என்பது அவருடைய குறை. அதைப் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, மேற்பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கீல் ஆணியை வெளியே எடுத்தோம். உருண்டையாக இருக்க வேண்டிய ஆணி ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. எத்தனை ஆண்டுகளாக, எந்தத் தோட்டாவைப் போட்டார் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. அது வெடித்திருந்தால் அவருடைய வலக்கைக் கட்டை விரலும் கண்ணும்தான் முதலில் போயிருக்கும். நீங்கள் சொல்லும் ஆட்டம் அந்த நிலையின் தொடக்கமாக இருக்கலாம்.

இனி, குறுக்களவு ஒன்றுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ரிவால்வருக்கு உரியது 1896-இல் வெளிவந்த .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற தோட்டாவாகவோ, அதற்கும் முந்திய 1878-இன் குட்டைத் தோட்டாவாகவோ இருக்கும். எது என்று உரிமப் புத்தகத்தையும் குழலில் உள்ள முத்திரையையும் பார்த்து உறுதி செய்யுங்கள். லாங் வகைக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. அதன் கூட்டின் நீளம் 0.920 அங்குலம். அதே கூட்டை 1.075 அங்குலமாக நீட்டி 1984-இல் வந்தது .32 எச் அண்ட் ஆர் மேக்னம். அதையும் 1.200 அங்குலமாக நீட்டியது .327 ஃபெடரல் மேக்னம். இந்தக் கடைசி வகையின் உச்ச அழுத்தம் 45,000 பவுண்டு, அதாவது மூன்று மடங்கு. நீளத்தைக் கூட்டியதற்கு முக்கியமான காரணமே, பழைய துப்பாக்கியில் புதிய தோட்டா முழுமையாக நுழைந்துவிடக் கூடாது என்பதுதான். 1935-இல் .38 ஸ்பெஷலை நீட்டி .357 மேக்னத்தைச் செய்தபோதும் இதே காரணத்துக்காகத்தான் கூட்டை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டினார்கள். ஆனால் இந்தக் காவலை முழுதாக நம்ப முடியாது. சில பழைய ரிவால்வர்களில் தோட்டா அறை, உள்ளே படிபோன்ற தடுப்பு இல்லாமல், நேர்த் துளையாகக் குடையப்பட்டிருக்கும். அவற்றில் நீளமான தோட்டாவும் தடையில்லாமல் உட்காரும். நுழைகிறது என்பதற்காக அது பொருத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள்.

நீளத்தில் வேறுபாடே இல்லாத இணைகளும் உண்டு, அவை இன்னும் மோசமானவை. 1900-இல் வந்த .38 ஆட்டோ தோட்டாவும் 1929-இல் வந்த .38 சூப்பரும் வெளியளவில் ஒன்றேதான். உச்ச அழுத்தம் மட்டும் 26,500-லிருந்து 36,500 பவுண்டாக உயர்ந்துவிட்டது. கோல்ட் நிறுவனத்தின் 1900, 1902 மாதிரிப் பிஸ்டல்களில் ஸ்லைடை, அதாவது சுடும்போது பின்னே நகரும் மேல்பாகத்தை, பிடித்து நிறுத்துவது முன்புறம் செருகப்பட்ட ஒரு சிறு ஆப்பு. அது அறுந்தால் ஸ்லைடு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். .455 வெப்லி ரிவால்வர்களின் சிலிண்டரைப் பின்பக்கம் கடைந்து .45 ஆட்டோ தோட்டாவைப் போட்டவர்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. அந்தத் தோட்டா அதிவேகம் என்று எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. மிகச் சாதாரணமான இராணுவத் தோட்டாதான். ஆனாலும் அது அந்த வெப்லி தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அழுத்தத்தைத் தாண்டியது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ, மாற்றியமைக்கவோ, சோதிக்கவோ தனி உரிமம் வேண்டும். ஆகவே தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து அறையை ஆழப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறவினர் பயணப் பெட்டியில் தோட்டாக்களைக் கொண்டு வருவதும் குற்றமே. அன்பால் சொல்லியிருப்பார், ஆனால் விமான நிலையத்தில் அகப்பட்டுக்கொள்பவரும் அவர்தான்.

பதில் 2: கானாடுகாத்தான் சுடுகளம்

வணக்கம் அண்ணா. உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். நான் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் பல ஆண்டுகள் கலந்துகொண்டவள், இப்போது சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

.22 லாங் ரைஃபிள் தோட்டாவில் ‘ஸ்டாண்டர்டு’ வகை நொடிக்கு 1,070 அடி அளவில் போகும், ‘ஹை வெலாசிட்டி’ வகை 1,200 முதல் 1,300 அடி வரை போகும். .38 ஸ்பெஷலில் கூடுதல் அழுத்தத் தோட்டாவுக்குத் தனி உச்சவரம்பு இருப்பது போல .22-இல் இல்லை, இரண்டு வகையும் 24,000 பவுண்டு என்ற ஒரே வரம்புக்குள் செய்யப்படுபவைதான். ஆகவே நல்ல நிலையில் உள்ள, இக்காலத்து .22 ரிவால்வர் ஒன்றில் அதிவேகத் தோட்டாவைப் போட்டால் அது வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பிஸ்டலில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

போட்டிப் பிஸ்டலில் ஸ்லைடைப் பூட்டும் அமைப்பு எதுவும் கிடையாது. அதன் எடையும் பின்னால் உள்ள சுருள்வில்லும்தான் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. வால்தர், ஹெமர்லி, பார்டினி போன்ற போட்டிப் பிஸ்டல்களில் அந்த வில் ஸ்டாண்டர்டு தோட்டாவின் உதைப்புக்கு ஏற்றபடி மென்மையாக வைக்கப்பட்டிருக்கும். 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் குண்டு நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் போவதற்குப் பதிலாக 380 மீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, ஆனால் ஆற்றல் வேகத்தின் இருபடியாக உயர்வதால் நாற்பது சதவீதம் கூடிவிடுகிறது. ஸ்லைடு பின்னே வந்து சட்டத்தில் மோதும் அடியும் ஏறத்தாழ அதே விகிதத்தில் வலுக்கும். ஒரு பெட்டி, இரண்டு பெட்டியில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகு ஸ்லைடின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தோன்றும். சுத்தம் செய்யும்போது விரல் நகத்தை ஓட்டினால் நகம் அதில் மாட்டும். நான் பயிற்சி பெற்ற காலத்தில் கழகத்தின் பொதுப் பிஸ்டல் ஒன்றில் அதை என் நகத்தாலேயே கண்டுபிடித்தேன். யாரோ ஸ்டாண்டர்டு தோட்டா கிடைக்காத மாதங்களில் அதிவேகத் தோட்டாவால் சமாளித்திருக்கிறார்கள். அந்தப் பிஸ்டல் அதன் பிறகு களத்துக்கு வரவில்லை.

இது புதிய செய்தியும் அன்று. ரெமிங்டன் நிறுவனம் 1930-இல் அதிவேக .22 தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பே சந்தையில் இருந்த கோல்ட் வுட்ஸ்மன் பிஸ்டல் அதைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. 1932-இல் அதன் பிடியின் பின்புறத்தில் உள்ள வில் உறையை உரமேற்றி மாற்றினார்கள். பழைய உறையில் கட்டம் கட்டமாகவும், புதியதில் கிடைக் கோடுகளாகவும் செதுக்கியிருப்பார்கள். இன்றும் அந்தப் பிஸ்டலை வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அடுத்து, பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். அது நீண்ட ரைஃபிள் குழலில் அளந்த வேகம். ஐந்து அங்குலப் பிஸ்டல் குழலில் மருந்தின் முழுப் பயனும் குண்டுக்குக் கிடைப்பதற்குள் குண்டு வெளியேறிவிடும். 1,250 அடி என்று எழுதியிருக்கும் தோட்டா பிஸ்டலில் ஏறத்தாழ 1,000 அடியோடு நின்றுவிடுவது வழக்கம். மிச்சம் எல்லாம் வாயில் தெரியும் தீப்பொறியாகவும் கூடுதல் சத்தமாகவும் போகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தைப் போக்க ஆறு மாதம் ஆகும். உங்கள் மகள் ஸ்டாண்டர்டு தோட்டாவையே சுடட்டும், பெட்டிக்குப் பெட்டி நிறுவனம் மாற்றாமல் ஒரே வகையைச் சுடட்டும்.

மறுமொழி: தேவகோட்டை வளவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளுக்கு ஸ்டாண்டர்டு தோட்டாதான் என்பது முடிவாகிவிட்டது.

ரிவால்வரைப் பற்றி அண்ணனிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். குழலிலும் சிலிண்டரின் ஒவ்வோர் அறையின் மேலும் கிரீடம் பொறித்த சோதனை முத்திரைகள் இருக்கின்றன. மிகையான மருந்து போட்டு வெடித்துப் பார்த்துத்தான் அந்த முத்திரையைக் குத்துவார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் வேகம் சற்றுக் கூடிய தோட்டாவைத் தாங்கும் தெம்பு அதற்கு இருக்கத்தானே வேண்டும்? வாதத்துக்காகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

பதில் 3: காரைக்குடி சிக்ரி ஓய்வு

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிப்பைப் பற்றியே என் பணிக்காலம் கழிந்தது. துப்பாக்கி வல்லுநன் அல்லன், ஆனால் துருவை நன்றாக அறிவேன்.

சோதனைத் தோட்டா வழக்கமான உச்ச அழுத்தத்தை விட முப்பது சதவீதம் அளவுக்கு மிகையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனை ஓரிரு வெடிகளோடு முடிந்துவிடும். அன்றைய நாளில் அந்த எஃகில் வெளிப்படையான குறை எதுவும் இல்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த இடைவெளி நாம் எடுத்துச் செலவழிப்பதற்காக விடப்பட்டது அன்று. வெயிலில் சூடேறிய தோட்டாவின் அழுத்தம் கூடும், தொழிற்சாலையில் ஒரு கூட்டில் மருந்து சற்று மிகுந்துவிடும், குழலில் எண்ணெய் தங்கியிருக்கும். இப்படி நம் கையில் இல்லாத பிழைகளுக்காக விடப்பட்டது அது. சித்திரை மாதம் நம் ஊரில் மூடிய காருக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வெப்பத்திலேயே பாதித் தெம்பை எடுத்துவிட்டால், பிறகு நடப்பதற்கு எதை மிச்சம் வைத்திருக்கிறோம்?

இரண்டாவதாக, உலோகம் சோர்வடையும். தாங்கும் எல்லைக்கு உட்பட்ட சுமையாக இருந்தாலும், திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓர் ஓரத்திலிருந்து வளரும். சுமை சிறிது கூடினாலும் அந்த வளர்ச்சி பல மடங்கு விரைவாகும். அந்த விரிசல் எங்கே தொடங்கும் என்றால், துரு தின்ற குழிகளில்தான். உங்கள் ஐயாவின் காலத்துத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகில் உட்காரும். எண்ணெயில் அது கரையாது, நீரில்தான் கரையும். அந்தக் காலத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைத்த துப்பாக்கிகளின் அறைகளில் இன்றும் அதன் தழும்பு இருக்கும்.

சிலிண்டரில் தோட்டா எதுவும் இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, ஒவ்வோர் அறையையும் பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பளபளப்பான சுவரில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை அழுக்கு அல்ல, குழிகள். ஈர்க்குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி உள்ளே இழுத்தால் நூல் மாட்டும். அப்படி மாட்டினால் அந்த முத்திரை குத்தப்பட்ட நாளில் இருந்த சிலிண்டர் இன்று உங்களிடம் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். தோல் உறையோடு பெட்டகத்தில் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவருக்குள் இருக்கும் பெட்டகம் எவ்வளவு புழுங்கும் என்பதைப் பழைய வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் 4: திருப்பத்தூர் ஆர்மரர்

ஐயா எழுதியது அத்தனையும் சரி. ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பி, அந்த முத்திரையின் அருகில் ‘நைட்ரோ’ (புகையற்ற மருந்து) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் பேச்சே வேண்டாம். 1954-க்குப் பிந்திய பிரிட்டிஷ் விதிப்படி சோதித்தவற்றில் கூட்டின் நீளமும், அழுத்தம் எத்தனை டன் என்பதும் எஃகிலேயே வெட்டப்பட்டிருக்கும். உங்களுடையது அதற்கு முந்தியது, ஆகையால் அந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம்.

மறுமொழி: தேவகோட்டை வளவு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சிக்ரி ஐயா சொன்னபடி முகப்புத் திண்ணையில், காலை வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு அறைகளில் நான்கு சுத்தமாக இருந்தன. மற்ற இரண்டில் பஞ்சு மாட்டியது. அவை அடுத்தடுத்த அறைகள். எங்கள் ஐயா இரண்டு தோட்டாக்களைப் போட்டு ஆண்டுக்கணக்காக அப்படியே வைத்திருந்தார் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன், இப்போதுதான் அதன் பொருள் விளங்கியது. ‘நைட்ரோ’ என்ற சொல் குழலில் இருக்கிறது. தோல் உறையின் உட்புறம் பச்சை பூத்திருந்தது, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

பிறகு உரிமம் பெற்ற ஆர்மரர் ஒருவரிடம் முறையான தாள்களோடு கொண்டு போனேன். கீல் ஆணி தேய்ந்திருக்கிறது என்றார். புது ஆணி செய்து போட முடியும், ஆனால் அந்த இரண்டு அறைகளைச் சரிசெய்ய வழியில்லை, ஆகவே இதை இனிச் சுட வேண்டாம் என்பது அவருடைய கருத்து. அப்பச்சியிடம் சொன்னபோது, அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எண்ணெய் போட்டுப் பத்திரமாக வை, தோட்டாக்களைக் கடையில் ஒப்படைத்துவிடு என்றார். ஒப்படைத்து, உரிமப் புத்தகத்தில் குறித்தும் வாங்கிவிட்டேன். உறவினருக்கும் தொலைபேசியில் விவரமாகச் சொன்னேன். அங்கே அவர் வீட்டில் இருக்கும் பழைய.38 ரிவால்வரில் எந்தத் தோட்டாவைப் போடுகிறார் என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.